ஏ.ஆர்.டி. மாத்திரையும் கால்சியமும்: நேரத்தைச் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

எச்.ஐ.வி. உள்ள பெண்களிடம் ‘சத்தா சாப்பிடுங்கம்மா’ என்று சொல்லி அனுப்புவது ஆலோசனை ஆகாது. எதை, எவ்வளவு, எந்த மாத்திரையோடு என்று சொன்னால்தான் பயன். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம்.

இன்று பெரும்பாலோருக்குத் தரப்படும் டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்ற மூன்று மருந்துகள் சேர்ந்த ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும்) கூட்டு மாத்திரையைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். அடுப்பு எரியவில்லை என்று ஒருவேளைகூட விட வேண்டாம். ஆனால் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் சேர்ந்தால் டோலுடெகிராவிர் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பில் சேரும் மருந்து குறையும். மருந்து குறைந்தால் கிருமி பெருகும், குழந்தைக்குத் தொற்றும் ஆபத்தும் கூடும்.

வழக்கமாகத் தவறுவது இரவில்தான். 8 மணிக்குச் சாப்பாட்டோடு கால்சியம், 10 மணிக்குப் படுக்கும்போது ஏ.ஆர்.டி. இது, படுக்கும்போது போட வேண்டிய எபாவிரென்ஸ் என்ற பழைய எச்.ஐ.வி. மருந்தின் காலத்துப் பழக்கம். இரண்டையும் சாப்பாட்டோடு ஒன்றாகவே விழுங்கலாம். தனியாகப் போடுவதென்றால் ஏ.ஆர்.டி. முதலில், 2 மணி நேரம் கழித்து மற்றது. கால்சியம் முந்திவிட்டால் 6 மணி நேரம் பொறுக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்கான அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்தைச் சாப்பாட்டோடுகூடச் சேர்க்கக் கூடாது; அதற்கு எப்போதும் இந்த இடைவெளி வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் வெவ்வேறு வேளையில் போடுவது நல்லது.

அளவுக்கு வருவோம். நோய் அறிகுறி இல்லாதவருக்கு வழக்கத்தைவிட 10 சதவீதம் கூடுதல் கலோரி போதும். அதிக உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லும் 1660 கிலோ கலோரியில் அது 30 கிராம் வேர்க்கடலைக்குச் சமம். காசநோய் போன்றவை சேர்ந்தால் 20 முதல் 30 சதவீதம். கர்ப்பத்துக்கு 350, பாலூட்டும் முதல் ஆறு மாதத்துக்கு 600 கிலோ கலோரி தனி. விலை உயர்ந்த புரத மாவு தேவையில்லை. ரேஷன் துவரம்பருப்பு, முட்டை, முருங்கைக்கீரை போதும். டோலுடெகிராவிரில் சில பெண்களுக்கு எடை ஏறுகிறது. அவர்களுக்கும் ‘இன்னும் சாப்பிடுங்க’ என்பது கெடுதல். ஒவ்வொரு முறையும் எடை பார்த்த பிறகே பேச வேண்டும்.

பல வீடுகளில் பெண் கடைசியில்தான் சாப்பிடுகிறாள். ‘என்ன சமைச்சீங்க’ என்று கேட்டால் குழம்பு, பொரியல் என்று பதில் வரும். ‘நேத்து உங்க தட்டுல என்ன இருந்தது’ என்று தனியாக வைத்துக் கேட்க வேண்டும். எல்லா மாத்திரை அட்டைகளையும் பார்த்து, எது எந்த வேளைக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் விஷயம் தெரியாதவர்களுக்கு மருந்தின் பெயரில்லாமல் நிறத்தையும் நேரத்தையும் மட்டும் எழுதித் தரலாம்.

இப்படிக்கு,
ஊட்டச்சத்து ஆலோசகர்கள், மதுரை