அரசு மேல்நிலைப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், பொருளாளர், தலைமையாசிரியர், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நாற்காலிக்குச் சொன்னது உறுப்பினர் பட்டியலைப் பார்த்து. காலியாகக் கிடப்பவற்றுக்கும் சேர்த்துத்தான் வாடகை.

சுதந்திர தினத்தன்று மிட்டாய் வழங்கினோம். பொதுத்தேர்வில் முதல் மூன்று இடம் பெற்றவர்களுக்குப் பரிசளித்தோம். மரக்கன்றுகள் நட்டோம், வேலி போடுவதற்குள் ஆடு மேய்ந்துவிட்டது.

இனி வீடியோ சர்வர், அதாவது பாட வீடியோக்களைப் பள்ளிக்குள்ளேயே வைத்து கணினி ஆய்வகத்துக்கு அனுப்ப நாம் அமைத்த கணினி. "யூடியூப் இருக்கும்போது இது எதற்கு?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூட ஆய்வகத்தை எட்டிப் பார்க்கவில்லை என்பதால் இங்கேயே பதில் சொல்கிறேன். ஆய்வகத்தில் 20 கணினிகள். தெளிவான 1080பி வீடியோ ஒன்றுக்குச் சுமார் 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகம்) வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தால் 100. பள்ளியின் இணைய இணைப்போ காகிதத்திலேயே 30தான். பாடம் தொடங்கியதும் இருபது திரையிலும் வட்டம் சுற்றும், பிள்ளைகள் அரட்டையில் இறங்கிவிடுவார்கள். வீடியோ பள்ளிக்குள்ளேயே இருந்தால் இணையம் அறுந்தாலும் பாடம் ஓடும்.

சங்க அறையில் சும்மா கிடந்த பழைய கணினியில் உபுண்டு என்ற இலவச இயங்குதளம் ஏற்றி, அதில் வீடியோக்களை மற்றக் கணினிகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருளை நிறுவினோம். எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் நிரலைப் பிறர் பார்க்க முடியாதபடி மூடிக்கொண்டபோது 2018 இறுதியில் அதிலிருந்து பிரிந்து வந்தது இது. உரிமக் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை, பொருளாளர் கவனிக்க. மாணவர்கள் பிரவுசரில் 192.168.1.10:8096 என்ற சர்வரின் முகவரியை அடித்தால் போதும்.

கணினிகளைக் கேபிள்களால் இணைக்கும் பெட்டியான நெட்வொர்க் சுவிட்சுக்கு ஏன் செலவு என்றும் கேள்வி வந்தது. பழையது 100 எம்பிபிஎஸ் சுவிட்ச். இருபது பேருக்கும் போவது சர்வரிலிருந்து வரும் ஒற்றைக் கேபிள் வழியாக. அது முழுசாக அடைத்துக்கொள்ளும். ஆகவே அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட் சுவிட்சும் புதுக் கேபிளும். அப்புறம் வீடியோக்களை எல்லாம் முன்கூட்டியே எச்.264 என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றி வைத்தோம். எச்.265 என்ற புதிய வடிவத்திலேயே விட்டால் ஆய்வகக் கணினிகளில் ஓடாது. கேட்கும்போதெல்லாம் சர்வர் மாற்றித் தர முயலும், நாலு பேர் கேட்டாலே பழைய பிராசசருக்கு மூச்சு வாங்கும். இந்த வேலை இரவு நேரத்தில் நடந்தது. யார் செய்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

யூடியூபில் கண்டதை எல்லாம் இறக்கிப் போடவில்லை. பகிர அனுமதி உள்ளவையும் நம் ஆசிரியர்கள் எடுத்தவையும் மட்டுமே. வேதியியல் ஆசிரியர் தன் கைப்பேசியில் எடுத்த தரம்பார்த்தல் பாடத்தைத்தான் பிள்ளைகள் அதிகம் பார்க்கிறார்கள். பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து விழும் கடைசிச் சொட்டில் கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாகும் இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்க்கிறார்கள். வகுப்பில் பின்வரிசைக்கு அது தெரிந்ததே இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவு சுமார், செலவு அதைவிடச் சற்று அதிகம், இடைவெளியை நிர்வாகிகள் சிலர் கைமாற்றாகச் சமாளித்திருக்கிறார்கள். சந்தா பாக்கிப் பட்டியலைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. ஆண்டுச் சந்தா ஐந்நூறு ரூபாய்தான். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மார் குழுவில் கைதட்டல் ஸ்டிக்கர் தவறாமல் அனுப்புகிறார்கள். அதை வங்கியில் போட முடியவில்லை.

இடம் தந்த தலைமையாசிரியருக்கும், கேபிள் இழுக்க ஏணி பிடித்த அலுவலக உதவியாளருக்கும், தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒரு விஷயம். எல்லாப் பாடமும் ஒரே ஹார்டு டிஸ்கில் இருக்கிறது, நகல் இல்லை. யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. நானும் இந்தப் பொறுப்பில் நீண்டநாள் இருந்துவிட்டேன். சர்வரின் பாஸ்வேர்டை ஒட்டிய உறையில் தலைமையாசிரியரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். செயலாளர் பொறுப்பை எடுத்துக்கொள்ள விரும்புபவர் இன்றைய கூட்டம் முடிவதற்குள் பெயர் தரலாம். பெயர் தர இயலாதவர்கள் போகும் வழியில் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும். ரசீதுப் புத்தகம் கொண்டு வந்திருக்கிறார்.

செயலாளர்