கழலாத டிரெயின் போல்ட்

அன்புள்ள செல்வம்,

பேத்தி பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

கரோலா காரை விற்றுவிட்டாயா என்று கேட்டிருந்தாய். 2006 மாடல்தான், ஆனாலும் விற்க மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் அடியில்தான் கிடந்தேன். ஆயில் மாற்ற இறங்கினால், சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் டிரெயின் போல்ட், அதாவது பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட், அசையவே இல்லை. முன்பு ஆயில் மாற்றிய இடத்தில் யாரோ பலங்கொண்ட மட்டும் முறுக்கி வைத்திருக்கிறார்கள். 14 மி.மீ. ரிங் ஸ்பேனரைப் போட்டு இழுத்ததும் வழுக்கியது. இன்னொரு இழுப்பில் போல்ட் தலையின் ஆறு மூலைகளும் மழுங்கிவிட்டன.

பன்னிரண்டு முனை ரிங் மூலையை மட்டும்தான் பிடிக்கும், அதனால் இறுகிய போல்ட்டில் வழுக்கும். முதலிலேயே ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் போட்டிருக்க வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரர் தலைமேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருப்பலாம் என்றார். உள்ளே மூன்றரை லிட்டருக்கு மேல் ஆயில், சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. வேண்டாம் என்றேன். துருவை இளக்கும் ஸ்பிரேயை அடித்து அரைமணி நேரம் விட்டேன். அப்புறம் ஒரு அளவு சிறிய 13 ஆறு முனை பாக்ஸை மழுங்கிய தலைமேல் வைத்துச் சுத்தியலால் தட்டி ஏற்றினேன். இரும்பை இரும்பு கடித்துக்கொண்டது. நீளக் கைப்பிடியைப் போட்டு, கீழிருந்து பார்க்க இடப்பக்கமாக, நிதானமாக அழுத்தினேன். 'டக்'கென்று ஒரு சத்தம். செல்வம், அந்தச் சத்தம் கேட்டதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

கழற்றிப் பார்த்தால், பழைய வாஷர் நசுங்கிச் சம்ப்போடு ஒட்டியே இருக்கிறது, அதன்மேலேயே இன்னொன்றைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள்! கசிந்திருக்கும், கசியக் கசிய இன்னும் இறுக்கியிருப்பார்கள். எனக்கு அதில்தான் கோபம். ஒழுகாமல் காப்பது அந்த மெல்லிய வாஷர். ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுரண்டி எடுத்துப் புதியது போட்டால் 37 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும், சின்னக் கைப்பிடியில் ஒரு கை அழுத்தம்தான். நல்லவேளை, சம்ப்பின் மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. புது போல்ட்டை விரலாலேயே கடைசிவரை திருக முடிந்தது. இரவு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

உன் வண்டிக்கு அலுமினிய சம்ப் என்றாயே, அங்கே கூடுதல் கவனம் வேண்டும். போல்ட்டைச் சுற்றும்போது வெள்ளிச் சுருள்போல உலோகம் வந்தால் மரை உரிகிறது என்று அர்த்தம். அதற்குமேல் இறுக்காதே. டாப் போட்டுப் புது மரை வெட்டி, அதில் சுருள் கம்பியாலான ஸ்பிரிங் மரை வைக்கத் தெரிந்த லேத் பட்டறைக்குச் சம்ப்பைக் கழற்றிக்கொண்டு போ. அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.

பேத்தியைப் பார்க்க அடுத்த மாதம் வருகிறோம். வாஷர் நாலைந்து சேர்த்தே வாங்கிவிட்டேன், உன் போல்ட்டின் அளவு பார்த்து எழுது, பொருந்தினால் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ராஜு