நகர வெள்ள ஆய்வாளர்களுக்கு, சென்னை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு மடல்

நகர வெள்ளத்தையும் மழைநீர் வடிகாலையும் ஆராயும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியோ, 2023 மிக்ஜாம் புயலைப் பற்றியோ உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எவ்வளவு சுருங்கியது என்பதும் எங்களைவிட உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மிக்ஜாம் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் தெருவுக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. சுவரில் இருந்த தண்ணீர்க் கறையை டேப் வைத்து அளந்தார்கள், கேள்வித்தாளை நிரப்பினார்கள். காபி கொடுத்து அனுப்பினோம். போனவர்கள் போனவர்கள்தான். என்ன கண்டுபிடித்தார்கள் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: எங்கள் தெருவில் அளந்ததை எங்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்.

அந்தக் கேள்வித்தாளில் தண்ணீர் எத்தனை அடி நின்றது என்று இருந்தது. எந்த வழியாக வந்தது என்று இல்லை. தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது, பழைய வீடுகள் பள்ளத்தில் கிடக்கின்றன. வாசலில் மணல் மூட்டை அடுக்கி முடிப்பதற்குள் கழிவறைக் கோப்பை வழியாகச் சாக்கடை கொப்பளித்து வரும், அப்படியே சம்ப்புக்குள்ளும் இறங்கும். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முழங்கால் வலி. அந்த நாட்களில் கழிவறைக்குப் போக மாடி வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். அடிக்கடி தட்டக் கூசிக்கொண்டு சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். "பசியே இல்லப்பா" என்பார். ஐயா, அம்மா, உங்கள் கணக்கில் இது எந்தக் கட்டத்தில் வரும்?

உங்கள் கட்டுரைகள் கிடைத்தால் புரிந்தவரை படிக்கிறேன். இப்போது செயற்கைக்கோள் ராடாரும் இயந்திரக் கற்றலும்தான் எல்லாவற்றிலும். ராடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும், சரி. ஆனால் வீடுகள் நெருங்கி நிற்கும் சந்தில் தண்ணீரைப் பிரித்துக் காட்டத் திணறும் என்று நீங்களே எழுதுகிறீர்கள். 1971 முதல் புழக்கத்தில் இருக்கும் எஸ்.டபிள்யூ.எம்.எம். என்ற மழைநீர் ஓட்டக் கணக்கு மென்பொருளில் மழையளவும் வடிகாலின் அளவும் சரிவும் கொடுத்தால் ஓட்டம் எவ்வளவு என்று வந்துவிடும். வரைபடத்திலுள்ள அளவைக் கொடுக்கிறீர்கள். எங்கள் வடிகாலிலோ பாதிக்கு வண்டல், மீதிக்கு யாரோ திருட்டுத்தனமாகச் சொருகிய கழிவுநீர்க் குழாய். வண்டலையும் கணக்கில் சேர்க்கலாம்தான், அதற்கு யாராவது மூடியைத் திறந்து பார்க்க வேண்டுமே.

அப்புறம் 'ஸ்பான்ஜ் நகரம்', அதாவது மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளும்படி நகரை அமைப்பது. அந்தத் திட்டத்தில் பெரும் பணம் போட்ட சீனாவின் ஜெங்ஜோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. கொட்டியது. எந்தப் பஞ்சு தாங்கும்? 2011 மேகவெடிப்பில் மூழ்கிய கோபன்ஹேகன் 2012இல் போட்ட திட்டத்தில் வெள்ளத்தைச் சுமந்து போகவென்றே சில தெருக்கள் உண்டு. எங்கள் தெரு அந்த வேலையைத் திட்டம் இல்லாமலே செய்கிறது, அதற்கும் ஒரு கட்டுரை எழுதலாம்.

அதிகாரிகளைக் கேட்டால் நிபுணர்கள் சொல்லட்டும் என்கிறார்கள். நிபுணர்களைக் கேட்டால் தரவு அதிகாரிகளிடம் இருக்கிறது என்கிறார்கள். நடுவில் நாங்கள் பிளீச்சிங் பவுடர் வாங்கிக்கொண்டிருக்கிறோம். டெண்டர் மட்டும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பு வீண் என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. பெய்தால் எங்கள் தெருவில் எத்தனை அடி நிற்கும், எந்த வீட்டுக்காரர் எப்போது கிளம்ப வேண்டும், எந்த இடத்தில் வடிகால் அடைத்திருக்கிறது என்று ஒரே ஒரு தாளில், தமிழில் எழுதித் தாருங்கள். டீக்கடைச் சுவரில் நாங்களே ஒட்டிக்கொள்கிறோம். எங்கள் தெருவில் அளந்ததை எங்களிடம் சொல்லத் தயவுசெய்து ஐப்பசிக்கு முன் வாருங்கள். வடிகால் மூடியைத் தூக்க ஆளும் கடப்பாரையும் தயாராக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்துக் குடியிருப்பாளர் ஒருவர்