கணக்குப் பெட்டியைப் பள்ளியே வாங்கி வைக்கட்டும்

மதிப்பிற்குரிய நகரக் கல்வி வாரியத்தாருக்கும் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். கணவரின் பணி நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து வந்து, டோக்கியோவை ஒட்டிய இந்நகரில் குடியிருக்கும் தாய் நான். என் மகள் சென்ற ஏப்ரலில் இங்குள்ள பொதுத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தாள். அவள் தம்பி இன்னும் இரண்டு ஆண்டுகளில் சேர வேண்டும். ஒரு பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கு அனுப்ப ஒரு வீடு செய்ய வேண்டியிருக்கும் செலவைப் பற்றித் தங்களிடம் பேசவே இம்மடலை எழுதுகிறேன். இதன் ஜப்பானிய மொழிப் படியைத் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். தமிழில் வெளியிடுவதற்குக் காரணம், அடுத்த ஏப்ரலுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான்.

மொழி தெரியாமல் வந்த என் மகளைக் கைப்பிடித்து எழுத வைத்த ஆசிரியைக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது. ஆகவே இது பள்ளியின் மீதான புகார் அன்று. பள்ளி தொடங்கும் முன்பே வீட்டு வாசலுக்கு வந்துவிடும் பட்டியலைப் பற்றிய முறையீடு.

பிப்ரவரித் தொடக்கத்தில் நடந்த பெற்றோர் விளக்கக் கூட்டத்தில் அந்தப் பட்டியல் எங்கள் கைக்கு வந்தது. உடற்பயிற்சி உடை, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையுமான தொப்பி, வகுப்பறைக்குள் அணியும் உவாபாகி காலணி, நிலநடுக்கம் வந்தால் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் பஞ்சு முக்காடு, கிரேயான், கத்தரிக்கோல், களிமண் எல்லாம் அடங்கிய கருவிப் பெட்டி, வாயால் ஊதிக்கொண்டே விரலால் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் கட்டை ஆர்மோனிகா, கணக்குப் பெட்டி, 2பி பென்சில்கள், துடைக்கும் துணி இரண்டு. இவை தவிர, புத்தகப் பை 40 சென்டிமீட்டருக்கு 30 என்ற அளவில், காலணிக்கு ஒரு பை, உடைக்கு ஒரு பை, மதிய உணவு விரிப்புக்கு ஒரு சுருக்குப் பை என நான்கு துணிப் பைகள். தோல் முதுகுப் பையைக் கணக்கில் சேர்க்காமலேயே எங்களுக்கு 30,000 யென்னுக்கு மேல் ஆனது. தையல் இயந்திரம் இல்லாத வீட்டில் அந்த நான்கு பைகளை நான் கையாலேயே தைத்தேன். அளவு சொல்லப்பட்டிருந்ததே தவிர, கடையில் வாங்கிய பையும் போதும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. போதும் என்பதை மே மாதத்தில்தான், பிற பிள்ளைகளின் பைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இவற்றுள் கணக்குப் பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எண்ணிப் பழகுவதற்கான வண்ண வில்லைகள், குச்சிகள், எண் அட்டைகள், கூட்டல் கழித்தல் அட்டைகள், முள்ளைத் திருப்பிப் பழகும் கடிகாரம் ஆகியவை அடங்கிய அந்தப் பெட்டியில் ஒவ்வொரு துண்டிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. வில்லை என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. அதில் ஒட்டும் பெயர்த்தாளோ அரிசியின் அகலம்தான். மகள் தூங்கிய பிறகு நானும் கணவரும் புருவம் திருத்தும் இடுக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். குச்சியின் வளைவில் ஒட்டிய தாள் காய்வதற்குள் சுருண்டு எழும்; திரும்பவும் அழுத்த வேண்டும். இரண்டு இரவுகள் ஆயின. இத்தனை உழைப்பில் முடித்த பெட்டியைப் பிள்ளை பயன்படுத்துவது பெரும்பாலும் முதல் வகுப்பில், பிறகு சிறிதளவு இரண்டாம் வகுப்பில். அதன் பின் அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. எங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட மூன்று வீடுகளில் கேட்டேன். மூன்றிலும் அந்தப் பெட்டி ஒரு துண்டும் குறையாமல் இருக்கிறது.

பள்ளிக்குள் மட்டுமே பயன்படுகிற, வீட்டில் வேறெதற்கும் உதவாத, ஒரு பிள்ளை முடித்ததும் அடுத்த பிள்ளை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொருளை ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வீடும் புதிதாக வாங்குவது ஏன்? கரும்பலகையையும் மேசையையும் பள்ளி வாங்கி வைத்திருப்பது போல, வகுப்புக்கு இத்தனை என்று கணக்குப் பெட்டிகளையும் பள்ளியே வாங்கி வைத்துக்கொண்டால், பெயர் ஒட்டும் தேவையும் பாதி ஒழிந்துவிடும். கட்டை ஆர்மோனிகாவிலும் வாயில் வைக்கும் குழல் மட்டும்தான் அவரவர்க்குத் தனியாக வேண்டும்; கருவியைப் பள்ளி கொடுத்து, குழலை மட்டும் பெற்றோர் வாங்கும் வழக்கம் இந்நாட்டின் சில பள்ளிகளில் ஏற்கெனவே உண்டு. டோக்கியோவின் ஷினகாவா வட்டாரம் 2024ஆம் கல்வியாண்டிலிருந்து, வருமான வரம்பு எதுவும் வைக்காமல், தன் பொதுப் பள்ளிப் பிள்ளைகளின் துணைக் கற்பித்தல் பொருட்களுக்கான செலவைத் தானே ஏற்றிருக்கிறது.

ஜப்பானிய அரசமைப்பின் 26ஆம் பிரிவு, கட்டாயக் கல்வி இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த இலவசம் என்பது கல்விக் கட்டணம் வாங்காமையை மட்டுமே குறிக்கும் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நான் அறிவேன். ஆனால் பாடநூல்களும் ஒரு காலத்தில் வீட்டுச் செலவில்தான் இருந்தன. 1961இல் கோச்சி நகரின் நாகஹாமா பகுதித் தாய்மார்கள், இதே 26ஆம் பிரிவைப் படித்துப் பார்த்துவிட்டு, பாடநூலை நாங்கள் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்டு இயக்கம் நடத்தினார்கள். 1963இல் முதல் வகுப்பிலிருந்து தொடங்கிய இலவசப் பாடநூல் வழங்கல், 1969க்குள் கட்டாயக் கல்வி முழுவதையும் எட்டியது. மீன்பிடித் தொழிலையும் நாள்கூலியையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் தாய்மார்கள் அன்று எழுப்பிய கேள்வியால்தான், எங்கோ பிறந்து வந்த என் மகளின் கையிலும் இன்று பாடநூல் விலையின்றி இருக்கிறது. நான் கேட்பது அந்தக் கேள்வியின் தொடர்ச்சியையே.

இனி தோல் பை. ரண்டோசெரு என்னும் இப்பையின் பெயர் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1887இல், பின்னாளில் தைஷோ பேரரசரான இளவரசர் கல்வி தொடங்கியபோது, அன்றைய பிரதமர் இதோ ஹிரோபூமி அளித்த பெட்டி வடிவப் பையே இன்றைய வடிவத்துக்கு முன்னோடி என்று சொல்லப்படுகிறது. அதன் உறுதியையும், ஆறு ஆண்டுகளுக்குப் பழுது பார்த்துத் தரும் தொழிலாளர்களின் நேர்மையையும் நான் மதிக்கிறேன். ஆனால் இன்று அதற்குச் சராசரியாக 60,000 யென் அளவுக்கு ஆகிறது. மூன்று வயதைக் கடந்த பிள்ளைக்கு, முதல் இரு பிள்ளைகளானால், மாதம் 10,000 யென் என்று கிடைக்கும் குழந்தை உதவித்தொகையில் இது ஆறு மாதத் தொகை. தாத்தா பாட்டி வாங்கித் தருவது இங்கே வழக்கம். ஆனால் தாத்தா பாட்டி கடல் கடந்து இருக்கும் வீடுகளும், தனியாக உழைத்துப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களின் வீடுகளும் இதே நகரில்தான் இருக்கின்றன. ஓராண்டுக்கு முன்பே பை தேடத் தொடங்க வேண்டும் என்பது அறியாமல் குளிர்காலத்தில் கடைக்குப் போன எனக்கு, விலை குறைந்தவை தீர்ந்துவிட்டன என்ற பதிலே கிடைத்தது.

தோல் பைதான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எங்கள் பட்டியலிலும் அது கட்டாயம் என்று எழுதியிருக்கவில்லை. கட்டாயமில்லை என்றும் எழுதியிருக்கவில்லை. எழுதாமல் விட்ட அந்த ஒற்றை வரிதான் பெற்றோரை அச்சுறுத்துகிறது. நம் பிள்ளை மட்டும் வேறு பையோடு போய் நின்றால் என்ன ஆகும் என்ற கவலையைத் தாங்க எந்தத் தாயாலும் முடியாது, அவள் எந்த நாட்டவளாக இருந்தாலும். இபராகியின் ஹிதாச்சி நகரம் 1970களிலிருந்து முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் பை வழங்கி வருகிறது. தொயாமாவின் ததேயாமா ஊராட்சி, எடை குறைந்த துணிப் பையைச் செய்வித்து 2023இல் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தது. தாங்கள் பையே வாங்கித் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதுகில் மாட்டக்கூடிய எந்தப் பையும் ஏற்கப்படும் என்று பட்டியலின் முதல் வரியாகத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். அதற்கு நகரத்துக்கு ஒரு யென்னும் செலவில்லை.

பள்ளிக் கல்விச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பொருளாதார நெருக்கடியில் உள்ள பெற்றோருக்கு உதவும் கடமையை நகராட்சிகளிடம் ஒப்படைத்திருக்கிறது. ஷூகாகு என்ஜோ என்னும் அந்த உதவியை நாடு முழுவதும் ஏறக்குறைய ஏழில் ஒரு பிள்ளை பெறுகிறது. இதில் நகராட்சியின் சுமையையும் நான் உணர்கிறேன். வாழ்வாதாரப் பாதுகாப்பு உதவி பெறும் குடும்பங்களுக்கு அடுத்த நிலையில் உள்ளவர்களுக்கான மத்திய அரசு மானியம் 2005இல் நிறுத்தப்பட்டு, முழுப் பொறுப்பும் தங்கள் தலையில் விழுந்தது. சேர்க்கைக்கான பொருட்செலவுத் தொகையைப் பள்ளி தொடங்குமுன்பே கொடுக்கலாம் என்று கல்வி அமைச்சகம் 2017இல் வழிவிட்டதும், நம் நகரம் அதைப் பின்பற்றுவதும் நல்ல செய்திகள். என் தோழி ஒருத்தியின் குடும்பம் இந்த உதவிக்கு முழுத் தகுதி உடையது. முன்கூட்டிப் பெறுவதற்கான விண்ணப்பத்தை டிசம்பருக்குள் தர வேண்டும் என்பது, பிப்ரவரிக் கூட்டத்தில் பட்டியலோடு வந்த தாளைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஏப்ரலில் விண்ணப்பித்து அவள் பணம் பெற்றது ஜூலையில். இடைப்பட்ட மாதங்களில் தவணைக் கடனில் வாங்கிய உடற்பயிற்சி உடையைத்தான் அவள் மகன் அணிந்திருந்தான்.

சேரவிருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் தாங்கள் நவம்பர் முடிவதற்குள் உடல்நலப் பரிசோதனைக்கு அழைக்கிறீர்கள். பள்ளியும் பெற்றோரும் முதன்முதலாக நேருக்கு நேர் சந்திப்பது அன்றுதான். அன்றே பட்டியலையும் உதவித்தொகை விண்ணப்பத்தையும் ஒன்றாகக் கையில் கொடுத்துவிடலாம். கூடவே எளிய ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்க விளக்கம் இருக்கலாம். எவற்றைப் புதிதாக வாங்க வேண்டும், எவை அண்ணன் அக்காவின் பழையவையாக இருக்கலாம், எவற்றைப் பள்ளியே தரும் என்று அதில் பிரித்துக் காட்டுங்கள்.

கணக்குப் பெட்டிகளை வாங்கப் பணம் ஒதுக்க ஓராண்டு ஆகும் என்றால், அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. பயன்படுத்தி முடித்த பெட்டிகளை மார்ச் மாத இறுதியில் திரட்டி வைக்கப் பள்ளிகள் ஓர் அறையை ஒதுக்கினால் போதும். எங்கள் குடியிருப்பின் மூன்று பெட்டிகளையும் தர அந்த வீட்டார் சம்மதித்திருக்கிறார்கள். துண்டுகளை எண்ணிச் சரிபார்த்து, பழைய பெயர்த்தாள்களை உரித்தெடுக்க நானும் இன்னும் நான்கு தாய்மார்களும் சனிக்கிழமைகளில் வருகிறோம். எந்த அறை, எந்த நாள் என்று தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நகரப் பள்ளியொன்றின் முதல் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்