விளக்கைக் கொஞ்சம் கவிழ்த்து மாட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நெல்லைப் பதிப்பின் வாசகர் கடிதப் பகுதியில் நாங்குநேரி வட்டத்துக்காரர் ஒருவர், தம் ஊர்க் குளத்துக்கரைச் சாலை இருட்டாகக் கிடக்கிறது, ஹைமாஸ் விளக்கு வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. கடைசி பஸ்ஸில் இறங்கி நடந்து வருகிற பெண்களுக்கும், நடுராத்திரி பம்புசெட் போடப் போகிறவர்களுக்கும் அந்தக் கரையில் வெளிச்சம் வேண்டும்தான். விரியன் ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. நானே அதே வட்டத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன். ஊராட்சிக்குத் தெருவிளக்கு மாட்டுவதும் கழற்றுவதும் என் பிழைப்பில் ஒரு பங்கு. ராத்திரியில் எனக்கு இன்னொரு வேலை உண்டு. வானத்தைப் படம் எடுப்பேன். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்: விளக்கு தாராளமாகப் போடுங்கள், ஆனால் கவிழ்த்துப் போடுங்கள்.

வானத்தைப் படம் எடுப்பது என்றதும் எல்லாரும் நிலாவையும் சனியின் வளையத்தையும் நினைக்கிறார்கள். அதையெல்லாம் திருநெல்வேலி ஜங்ஷன் மொட்டைமாடியிலிருந்தே எடுத்துவிடலாம், நல்ல வெளிச்சமான ஆசாமிகள். என் கிறுக்கு நெபுலாக்கள் மேல். விண்மீன்களுக்கு நடுவே கிடக்கிற வாயுவும் தூசியும்தான் நெபுலா. பெரும்பாலானவை வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கி வைத்துப் பார்த்தாலும் பலதும் சாம்பல் புகைதான். கேமராவைத் திறந்து வைத்துக் காத்திருந்தால்தான் உருவமும் நிறமும் வரும். மிருகசீரிடப் பக்கம் வரிசையாக நிற்கிற மூன்று நட்சத்திரங்களை எல்லாருக்கும் தெரியும். அதில் கிழக்கோரத்து நட்சத்திரத்துக்கு அடியில் குதிரைத் தலை மாதிரி ஒரு கரிய தூசி மேகம் இருக்கிறது. அதைக் கண்டவர் வில்லியமினா ஃபிளெமிங் என்கிற அம்மா, 1888-இல், ஹார்வர்டில் எடுத்த கண்ணாடித் தகட்டுப் படம் ஒன்றில். இவையெல்லாம் சேர்ந்த ஓரியன் என்கிற விண்மீன் மண்டலத்தையே வளைத்துக்கொண்டு பெரிய சிவப்பு வில் ஒன்றும் இருக்கிறது. பர்னார்ட் வளையம் என்பார்கள். திருவாதிரை அன்று நெல்லையப்பர் கோயில் தாமிர சபைக்குப் போகிற கூட்டத்தில் எத்தனை பேர் இதே மண்டலத்தில் இருக்கிற அந்தத் திருவாதிரை நட்சத்திரத்தை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அன்று முழுநிலா அதன் பக்கத்திலேயே நிற்கும் என்பதால் எங்கள் கூட்டத்துக்கும் அன்று வேலை இல்லை. எங்களுக்கு அமாவாசைதான் பண்டிகை.

வேலை இப்படி நடக்கும். பூமி சுற்றுகிற வேகத்துக்கு எதிராகக் கேமராவைச் சுற்ற ஒரு மோட்டார் தாங்கி வேண்டும். அதன் அச்சு வானத்தின் வட துருவத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். நாங்குநேரி எட்டரை டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஆகையால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ அவ்வளவு உயரம்தான். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் பத்து டிகிரி என்று கணக்கு, அந்த முஷ்டிக்குள்ளேயே அது மறைந்துவிடும். வடக்கே ஒரு பனை குறுக்கே நின்றால் அன்றைக்கு வேலை கெட்டது. அதனால்தான் குளத்துக்கரை, அதுவும் மறுகால் பக்கம்: கரை மேடு, வடக்கே தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் வயல். அச்சு சரியாக நின்றதும் மூன்று மூன்று நிமிடப் படங்களாக விடியும்வரை எடுத்து, வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நாலு மடங்கு படம் எடுத்தால் இரைச்சல், அதாவது படத்தில் மணல் தூவினாற்போல் தெரிகிற புள்ளிகள், பாதியாகும். மார்கழி, தையில் பனி இறங்கி லென்ஸ் வியர்த்துவிடும். அதற்குச் சின்னதாக ஒரு சூட்டுப் பட்டை சுற்றுவேன். கடைசியில் லென்ஸின் ஓரக் கறுப்பைச் சமன் செய்ய, பழைய வெள்ளை வேட்டியை அதன் வாயில் இழுத்துக் கட்டி, விடியற்கால வானத்தை நோக்கிச் சில படங்கள். வேட்டியில் மஞ்சள் கறை இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேமராவிலும் ஒரு கைவேலை இருக்கிறது. ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டர் சிவப்பில் ஒளிரும். கடையில் வாங்குகிற கேமராவில் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், நம் முகம் சிவந்து தெரியக் கூடாது என்பதற்காக. என் கேமராவில் அதைக் கழற்றிவிட்டேன். இப்போது அதில் கல்யாண வீட்டுப் படம் எடுத்தால் மாப்பிள்ளை தக்காளியாக இருப்பார்.

அமாவாசை ராத்திரியில் குளத்துக்கரையில் சிவப்பு டார்ச்சோடு ஒருவன் குந்தியிருந்தால் ஊர் என்ன நினைக்கும்? புதையல் எடுக்கிறான் என்றார்கள், மண் லாரிக்கு ஆள் பார்க்கிறான் என்றார்கள். சுடலைமாடன் சாமி வேட்டைக்குப் போகிற பாதையில் உட்கார்ந்திருக்கிறானே என்று வீட்டில் வந்து சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. ரோந்து வந்த காவலர் ஒருவர் பையைத் திறந்து காட்டச் சொன்னார். கேமராத் திரையில் ஓரியன் நெபுலா விழுந்திருந்தது. இது 1,300 ஒளியாண்டு தூரம் சார் என்றேன். "இது நம்ம குளத்துக்கு மேலயா இருக்கு?" என்று திரையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பைக்கை நிறுத்திவிட்டார்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிச் சொத்து இருக்கிறது. அதை யாரும் பேசிக் கேட்டதில்லை. லடாக்கில் ஹன்லே பகுதியை 2022 டிசம்பரில் இருண்ட வான் காப்பகம் என்று அறிவித்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்குத் தொலைநோக்கி கொடுத்து, வருகிற பயணிகளுக்கு வானத்தைக் காட்டப் பழக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் தென்வானத்தின் பெரிய நெபுலாவான கரைனா அங்கே எழுவதே இல்லை. டெல்லியில் அடிவானத்துக்கு மேல் இரண்டு டிகிரிகூட ஏறாது. நாங்குநேரியில் மாசி மாதம் நள்ளிரவு வாக்கில் நேர் தெற்கே இருபத்தோரு டிகிரிக்கு மேல் வந்து நிற்கும். அதற்குள்ளே இருக்கிற ஈட்டா கரைனா 1843-இல் குமுறியபோது, சில காலம் வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாக இருந்தது. பொதிகைக்காரரான அகத்தியர் பெயரில் நாம் சொல்கிற அகத்திய நட்சத்திரமும் இதே கரைனா விண்மீன் மண்டலத்தைச் சேர்ந்ததுதான்.

அதைவிட என் மனதுக்கு நெருக்கம் கம் நெபுலா. காலின் கம் என்ற ஆஸ்திரேலிய வானியலாளர் 1950-களில் அடையாளம் கண்டது. வானத்தில் சுமார் 36 டிகிரி அகலம், எழுபது முழுநிலாக்களை வரிசையாக அடுக்கலாம். அவ்வளவு பெரியது, ஆனாலும் கண்ணுக்குத் துளிகூடத் தெரியாது. தை மாத நள்ளிரவில் தென்வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். கீழே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு அது தலைக்கு மேல் கிடப்பதே தெரியாது. அதற்குள்ளேதான் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சம், வேலா, நூல் நூலாகப் பிரிந்து கிடக்கிறது. நடுவில் எஞ்சிய கரு இன்னும் நொடிக்குப் பதினொரு தடவை சுழல்கிறது.

இனி விளக்கு விஷயம். நமக்கே உரிய இந்தத் தென்வானத்துச் சரக்கு பெரும்பாலும் தாழ்வாக நிற்பது. ஊர் வெளிச்சமும் அடிவானத்தை ஒட்டித்தான் குவிமாடமாக எழும்பும். ஆகவே முதலில் காணாமல் போவது இவைதான். உச்சிவானத்தில் இருக்கிறவை இன்னும் சில வருஷம் தாக்குப்பிடிக்கும். வானம் இரண்டரை மடங்கு வெளுத்தால், அதே தரத்தில் படம் வரக் கேமராவையும் இரண்டரை மடங்கு நேரம் திறந்து வைக்க வேண்டும். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது பக்கத்தில் நின்று ரகசியம் சொல்கிற கதைதான். (கொடை விளக்குகள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சீரியல் செட் கட்டுகிறவனே நான். மூன்று நாள், அப்புறம் கழற்றிவிடுவோம்.)

முன்பு நாற்கரச் சாலைச் சந்திப்புகளில் சோடியம் மஞ்சள் விளக்கு இருந்தது. அதன் ஒளி பெரும்பாலும் மஞ்சள் பகுதியிலேயே அடங்கும். லென்ஸில் ஒரு வடிகட்டி போட்டால் பெருமளவு விலகிவிடும். இப்போது வந்திருக்கிற வெள்ளை எல்இடி அப்படியல்ல. கடைக்காரன் என்கிற முறையில் சொல்கிறேன், அது உண்மையில் நீல எல்இடி. மேலே மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளையாக்குகிறார்கள். எல்லா நிறத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், நீலம் மட்டும் தூக்கலாக. காற்றில் அதிகம் சிதறுவதும் அந்த நீலம்தான், பகல் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். ஹைட்ரஜன் சிவப்பு மட்டும் போதும் என்றால் குறுகிய வடிகட்டி போட்டு இன்றைக்கும் தப்பிக்கலாம். கம் நெபுலாவை அப்படித்தான் எடுக்கிறேன். ஆனால் கேட்டை நட்சத்திரத்தின் பக்கத்தில், பங்குனி விடியற்காலையில் தெரிகிற ரோ ஒபியூக்கி தூசி மேகங்கள் தாமாக ஒளிர்பவை அல்ல. அக்கம்பக்கத்து நட்சத்திர வெளிச்சத்தை வாங்கித் திருப்பி அனுப்புகின்றன: ஒரு பக்கம் நீலம், கேட்டையைச் சுற்றி மஞ்சள், நடுவே கறுப்புக் கால்வாய்கள். அதுவும் எல்லா நிறமும் கலந்த ஒளி, தெருவிளக்கும் அப்படியே. எந்த வடிகட்டியாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. அதற்கு இருட்டு ஒன்றுதான் வழி. ஆனி, ஆடியில் அந்தப் பகுதி சாயங்காலமே மேலே வந்துவிடுமே என்று கேட்கலாம். அப்போது மலைப்பக்க மேகமும், காற்றாலையைச் சுற்றுகிற காற்றும் சேர்ந்து கேமராவை நிற்க விடாது.

எங்கள் பக்கம் புதிதாக நட்ட ஒரு ஹைமாஸ் கம்பத்தைப் பார்த்தேன். ஃப்ளட் லைட்டுகள் ஒவ்வொன்றும் முகத்தைத் தூக்கி எதிர்த்திசை வயலையும் வானத்தையும் பார்க்கின்றன. கம்பத்தின் காலடியில் அரைகுறை வெளிச்சம். எதிரே பைக்கில் வருகிறவர் கண் கூசி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். மழைக்காலத்தில் விடியக்காலை அந்தக் கம்பத்தடியில் ஈசல் இறகைக் கூட்டி அள்ள வேண்டும். இது பாதுகாப்புக்குப் போட்ட விளக்கு என்றால், பாதுகாப்பு கிடைத்தது எதிர்த்த வயல் கொக்குக்குத்தான்.

வார்டு உறுப்பினரிடம் கேட்டுக்கொண்டு எங்கள் தெருவில் ஒரே ஒரு விளக்கில் செய்து பார்த்தேன். 13-ஆம் நம்பர் ஸ்பேனரால் கிளாம்பைத் தளர்த்தி, மேல்நோக்கிச் சாய்ந்திருந்த விளக்கைத் தரைக்கு இணையாகப் படுக்க வைத்தேன். ஏணி போட்டு இறங்கக் கால்மணி நேரம். அதே 20 வாட் விளக்கு. தெருவின் தரை முன்னைவிட நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் மேலே போய்க்கொண்டிருந்த வெளிச்சமும் கீழே வந்துவிட்டது. எதிர்வீட்டு மாடி ஜன்னலுக்குள் விழுந்துகொண்டிருந்தது நின்றுபோனது. திண்ணையில் இருந்த ஆச்சி, "ஏல, இப்பம்தான் கண்ணு கூசாம இருக்கு. மத்ததையும் இப்பிடியே திருப்பிட்டுப் போயேம்ல" என்றார். மற்றதைத் திருப்ப எனக்கு அனுமதி இன்னும் வரவில்லை.

நிறமும் கவனிக்க வேண்டியது. கடைக்கு வருகிறவர்கள் "நல்ல வெள்ளையா வேணும்" என்றுதான் கேட்கிறார்கள். ஊராட்சிகளும் 6500 கெல்வின் அட்டைப்பெட்டியைத்தான் வாங்குகின்றன (கெல்வின் என்பது இங்கே ஒளியின் நிறத்துக்கான அளவு, எண் கூடக் கூட நீலமும் கூடும்). அதே வாட்டில் 3000 கெல்வின் வார்ம் ஒயிட்டும் வருகிறது, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நீலம் குறைவு, கண்ணுக்கும் இதம். ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களில் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்க டைமர் வைக்கலாம். இருக்கிற கருவிதான், புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஒரு ஆளின் பொழுதுபோக்குக்காக ஊர் முழுக்க விளக்கைத் திருப்பவா என்று சிலர் கேட்கலாம். இதே நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. நீர்ப்பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். பறவைக்காக அந்த ஊர்ப் பிள்ளைகள் பட்டாசையே விட்டுக்கொடுக்கிறார்கள். நான் கேட்பதில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை; கரண்டு பில்லும் ஏறாது, தெருவும் இருட்டாகாது.

கடிதம் எழுதிய அந்த அன்பர் ஊராட்சிக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ மனு கொடுக்கும்போது, விளக்கு கேட்கிற வரிக்குக் கீழே இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்: வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கும்படி மூடி போட்டது, 3000 கெல்வினுக்கு மேற்படாதது. ஒப்பந்தப்புள்ளியிலேயே அப்படி எழுதிவிட்டால் மாட்டுகிறவரும் அப்படியே மாட்டுவார். மாட்டி முடித்த பிறகு ஒவ்வொன்றாகத் திருப்புவதென்றால் ஏணியும் ஆளும் கூலியும் தனி. கூலி எனக்கு வரலாம்தான், ஆனாலும் வேண்டாம்.

இப்படிக்கு,
எலக்ட்ரிக்கல் கடைக்காரர் ஒருவர்,
நாங்குநேரி வட்டம்.