வேலியில் தொங்கும் விழுக்காடு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜனவரி வந்தால் போதும், சாட்ஸ்வொர்த் பள்ளிக்கூட வேலிகளில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதிப் பரீட்சை) தேர்ச்சி விழுக்காட்டுப் பதாகை தொங்கும். 2024இல் தென்னாப்பிரிக்கா முழுக்க 87.3 விழுக்காடு. சரி, சந்தோஷம். ஆனால் அது பரீட்சை எழுதியவர்களை வைத்துப் போட்ட கணக்கு. பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் அதில் இல்லை. வீட்டுமொழியிலும் வேறு இரண்டு பாடங்களிலும் 40, இன்னும் மூன்றில் 30 வாங்கினாலே தேர்ச்சிதான்.

என் பேத்தியைக் கணக்கை விட்டு, அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள இலகுவான பாடமான 'மேத்ஸ் லிட்'டுக்கு மாற்றச் சொல்லிப் படிவம் கொடுத்தனுப்பினார்கள். பள்ளியின் பெயர் கெட்டுவிடுமாம். அவளோ பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள்; அதற்குக் கணக்குப் பாடம் வேண்டும். படிவம் இன்னும் கையெழுத்தில்லாமல் குளிர்பெட்டி மேல் கிடக்கிறது.

எத்தனை பேர் கணக்குப் பாடம் எழுதினார்கள் என்பதையும் பதாகையில் போடட்டும். துணியில் இடமிருக்கிறது.

ஒரு தாத்தா,
சாட்ஸ்வொர்த், டர்பன்