பதினேழாவது பாடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

காவிரி டெல்டாவில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வளரிளம் பெண்களுக்கு நாப்கின் கொடுக்க, சத்து மாத்திரை கொடுக்க, தடுப்பூசி போட என்று அடிக்கடி பள்ளிக்கூடத்துக்கு வருகிறவள். உங்களில் பலரோடு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். "மூணு மாசமா தூரம் வரல, ரத்தம் கம்மியா இருக்கும், மாத்திரை குடுங்க" என்றார். பரிசோதித்துப் பார்த்தேன், அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு அவளிடம் தனியாகப் பேசினேன். அவள் கேட்ட கேள்வி இது: "எனக்குக் கல்யாணமே ஆகலையே நர்சம்மா, எப்படி வரும்?"

அவள் நடிக்கவில்லை. தாலி ஏறினால்தான் வயிற்றில் பிள்ளை தங்கும் என்று உண்மையாகவே நம்பியிருந்தாள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவள்தான். இதெல்லாம் பாடத்தில் வருமே, நடத்தவில்லையா என்று கேட்டேன். "பூ வரைக்கும் நடத்துனாங்க. மீதியை வீட்ல படிச்சுக்கச் சொல்லிட்டாங்க."

'தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம்.' உங்கள் புத்தகத்தில் பதினேழாவது பாடம். மகரந்தச் சேர்க்கைக்குக் கலர் சாக்பீஸில் படம் போடுகிறோம், சூலகம், சூல்முடி எல்லாம் பாகம் குறிக்கச் சொல்கிறோம். மாதவிடாய் சுழற்சியும் கருவுறுதலும் வரும் பக்கத்துக்கு வந்தால் கை தயங்குகிறது. புதுப் பாடத்திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. அரசே அச்சடித்துக் கொடுத்த பாடத்தின் பின்பாதியை நடத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு அப்பா வந்து சத்தம் போட்டால் தலைமையாசிரியர் உங்களைத்தான் கூப்பிடுவார். 2007ல் மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று பல மாநிலங்கள் நிறுத்தியபோது சொன்ன காரணமே பண்பாடு கெட்டுவிடும் என்பதுதான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து யுனெஸ்கோ 2018ல் வெளியிட்ட வழிகாட்டி, இந்தக் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரம் உறவில் இறங்குவதில்லை, பல இடங்களில் தள்ளிப்போடவே செய்கிறார்கள் என்கிறது. ஸ்வீடனில் 1955லிருந்தே இது பள்ளியில் கட்டாயப் பாடம். 1994ல் கெய்ரோவில் 179 நாடுகள் கூடி, இனப்பெருக்க நலம் ஒவ்வொருவரின் உரிமை, வளரிளம் பருவத்தினருக்கு அதைப் பற்றிய அறிவு சேர வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. அதில் இந்தியாவும் உண்டு.

அவ்வளவு தூரம் போவானேன்? இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அப்புறம் இந்த ஊரில் நாம் வாய்மூடி இருந்துவிடவில்லை. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விழிப்புணர்வு விளம்பரம் எழுதி சுவர் சுவராகக் கேட்டோம். சின்னப் பிள்ளைகூட அந்த வரியைச் சொல்லிக்கொண்டு திரிந்தது. கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்கு வேண்டும் என்று பெரியார் மேடையேறிப் பேசியது அதற்கும் முன்னால், 1930களிலேயே. அப்படிப்பட்ட மண்ணில் வகுப்பறை மட்டும் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது?

நாம் பேசாவிட்டால் பிள்ளைகள் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிடுவதில்லை. செல்போனில் பார்க்கிறார்கள். பையன்கள் கதை இன்னும் மோசம். தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு என்று யாரும் சொல்லாததால், 'இளமையில் செய்த தவறு', 'நரம்புத் தளர்ச்சி' என்று பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்துப் பயந்து, லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆளிடம் போகிறார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் பைக்கை அடகு வைத்து லேகியம் வாங்கிய பையனை எனக்குத் தெரியும். அவனுக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை.

சின்னப் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். 2007ல் மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், 53 சதவீதக் குழந்தைகள் ஏதாவது ஒரு விதத்தில் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். உறுப்புக்குப் பெயரே சொல்லித்தராத குழந்தை எப்படிப் புகார் சொல்லும்? 'மாமா அசிங்கம் பண்றாரு' என்று ஒரு குழந்தை சொன்னதை, மாமா கெட்ட வார்த்தை பேசுகிறார் என்று அம்மா எடுத்துக்கொண்ட வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். ஆறு மாதம் கழித்துத்தான் விஷயமே வெளியே வந்தது.

அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பெண் விஷயத்தில் நான் போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அப்படி. பையனுக்குப் பத்தொன்பது வயது. பதினெட்டுக்குக் கீழே இருக்கும் பெண் சரி என்று சொன்னாலும் சட்டம் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது என்பது அவனுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவன் ஜெயிலுக்குப் போனான். அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. அவள் சைக்கிள் இன்னும் அவர்கள் வீட்டுத் திண்ணை ஓரத்தில் சாய்த்தபடியே நிற்கிறது. அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அதனால் கேட்கிறேன். பெண் பிள்ளைகளைத் தனியாக லேபுக்குக் கூட்டிப்போய்க் குசுகுசுவென்று சொல்லாதீர்கள். பையன்களையும் உட்காரவைத்தே நடத்துங்கள். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெயர் எழுதாமல் கேள்விச் சீட்டு போட ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். 'வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று பையன்களிடமும் பேசுங்கள். தன்னைத் திருநங்கையாக உணரும் பிள்ளையும் அந்த பெஞ்சில் இருக்கலாம், அதை மனதில் வைத்து வார்த்தையைப் போடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி, அழிக்காமல் விடுங்கள்.

வாய் வரவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். உங்கள் பகுதி செவிலியரையும் கூப்பிடலாம், எங்களுக்கு இது தினப்படி வேலை. படம் போட்ட சார்ட் என்னிடம் இருக்கிறது. பதினேழாவது பாடம் எந்த வாரம் வருகிறது என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்றைக்கு நகர முடியாது. மற்ற எந்த நாளாக இருந்தாலும் முதல் பீரியடுக்கே வந்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் ஊர் நர்சம்மா